கிளாஸ் அஞ்சு, படிப்பு ரெண்டு: கிராமத்துப் பசங்களுக்கு லெவல் பார்த்து சொல்லிக்கொடுக்கறதுன்னா என்ன?

கிராமத்துல ஏழைப் பசங்க படிப்பு பத்தி பேச்சு எடுத்தாலே கட்டடம் சரியில்ல, டாய்லெட் இல்ல, வாத்தியார் வர்றதில்லன்னு ஆரம்பிச்சுடுவோம். அதெல்லாம் வேணும்தான், யாரும் வேணாம்னு சொல்லல, ஆனா கட்டடம் வந்து, டாய்லெட் வந்து, டீச்சரும் தினம் ஒழுங்கா வர்ற ஸ்கூல்லயும் ஒரு பிரச்னை அப்படியேதான் கிடக்கு. புள்ளை அஞ்சாம் கிளாஸ் வந்துடுச்சு, ரெண்டாம் கிளாஸ் அளவுல ஒரு சின்னக் கதையை எடுத்து நீட்டுனா படிக்கத் தெரியல. இதை எப்படி சரி பண்றதுன்னு 25 வருஷமா இந்தியாவுல ஒரு முறையை செஞ்சு பார்த்து, சில இடத்துல ஃபெயில் ஆகி, திருத்தி, மறுபடி செஞ்சு பார்த்துட்டு வர்றாங்க. ‘டீச்சிங் அட் த ரைட் லெவல்’னு அதுக்குப் பேர், சுருக்கமா டார்ல். விஷயம் சிம்பிள்தான்: புள்ளை எந்த கிளாஸ்ல உட்கார்ந்திருக்குன்னு பார்க்காம, இன்னைக்கு அதுக்கு எதுவரைக்கும் தெரியும்னு பார்த்து அங்கேருந்து ஆரம்பிக்கறது. இது யாருக்குத் தெரியாது, இதுக்கு ஒரு பேர் வேறயான்னு நீங்க கேட்கலாம். எல்லாருக்கும் தெரியும். ஆனா நம்ம ஸ்கூல் சிஸ்டம் இதைச் செய்யவே விடாத மாதிரிதான் அமைஞ்சிருக்கு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு.

பிரச்னை எவ்வளவு பெருசுன்னு மொதல்ல பார்த்துடுவோம். பிரதம்னு ஒரு தொண்டு நிறுவனம், 1995-ல மும்பை குடிசைப் பகுதிகள்ல சின்னப் பசங்களுக்கு பால்வாடி நடத்தி ஆரம்பிச்சவங்க, 2005-லேருந்து ‘அசர்’னு ஒரு சர்வே எடுக்கறாங்க. நாட்டுல கிட்டத்தட்ட எல்லா கிராமப்புற மாவட்டத்துலயும் வீடு வீடா போய் புள்ளைங்களை உட்கார வச்சு ஒரே ஒரு தாளைக் காட்டி படிக்கச் சொல்ற சர்வே அது. ஸ்கூலுக்குப் போகாம வீட்டுக்குப் போறதுக்குக் காரணம் இருக்கு, ஸ்கூலுக்குப் போனா அன்னைக்கு லீவு போட்ட புள்ளை, பாதியில நின்ன புள்ளை, பேர் மட்டும் ரிஜிஸ்டர்ல இருக்கற புள்ளை எதுவும் கணக்குல வராது, நமக்குத் தெரிய வேண்டியதே அவங்களைப் பத்திதான். பேர் சேர்க்கற விஷயத்துல நாம ஜெயிச்சாச்சு, 6-லேருந்து 14 வயசு கிராமத்துப் பசங்கள்ல 95 சதவீதத்துக்கு மேல பல வருஷமா ஸ்கூல்ல பேர் இருக்கு. படிக்கறதுலதான் அடி. 2018-ல அஞ்சாம் கிளாஸ் பசங்கள்ல பாதிப் பேர்தான் ரெண்டாம் கிளாஸ் கதையைப் படிச்சாங்க. கொரோனா முடிஞ்சு 2022-ல எடுத்தப்ப அது 43 சதவீதம் பக்கத்துல விழுந்துச்சு, 2024-ல 49 சதவீதம் பக்கத்துல ஏறியிருக்கு. அதாவது கஷ்டப்பட்டு பழைய இடத்துக்கு வந்து நிக்கறோம், அந்தப் பழைய இடமே கேவலமான இடம்.

அந்தத் தாள்ல என்ன இருக்கும்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பின்னாடி வர்றது முழுக்க அதைச் சுத்திதான். எழுத்துகள், சின்னச் சின்ன சொற்கள், ஒண்ணாம் கிளாஸ் அளவுல நாலு வரி, ரெண்டாம் கிளாஸ் அளவுல ஒரு குட்டிக் கதை. முதல்ல நாலு வரியைக் காட்டுவாங்க, படிச்சுட்டா கதை, படிக்கலைன்னா சொல், சொல்லும் வரலைன்னா எழுத்து. அஞ்சு எழுத்துல நாலு சரியா சொன்னா ‘எழுத்து லெவல்’. கணக்குக்கும் இதே மாதிரி ஒரு தாள், 1-லேருந்து 9 எண், அப்புறம் ரெண்டு இலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், கடைசியா மூணு இலக்கத்தை ஒரு இலக்கத்தால வகுக்கறது. ஒரு புள்ளைக்கு சில நிமிஷம்தான் ஆகும், பேனா பேப்பர் பரீட்சை கிடையாது, எதிர்ல உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்றது. ஸ்கூல் பரீட்சையில காப்பியடிச்சு, கேள்வியையே விடைத்தாள்ல திருப்பி எழுதி பாஸ் ஆகிற புள்ளை இதுல ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

சரி, அஞ்சு வருஷம் ஸ்கூல் போயும் ஏன் வரல?

மக்கு, படிப்பு ஏறல, அப்பன் குடிகாரன், அம்மா கவனிக்கல, டீச்சர் சோம்பேறின்னு ஆளாளுக்கு ஒரு பதில் வச்சிருக்கோம். அதுல சிலது சில வீட்டுக்குப் பொருந்தலாம், ஆனா பாதி நாட்டுக்கே எப்படி பொருந்தும்? நடக்கறதைப் பாருங்க. வீட்டுல முதல் தலைமுறையா ஸ்கூல் படி ஏறுன ஒரு பொண்ணு ஒண்ணாம் கிளாஸ் சேருது. வீட்டுல ஒரு புக்கு கூட கிடையாது, அச்சடிச்ச எழுத்துன்னா காலண்டரும் ரேஷன் கார்டும்தான். டவுன் பசங்க எல்.கே.ஜி., யு.கே.ஜி.ன்னு ரெண்டு வருஷம் எழுத்து பார்த்துட்டு வந்திருக்கும், இது அன்னைக்குத்தான் பார்க்குது. அறுப்பு சீசன்ல தம்பியைப் பார்த்துக்கன்னு வீட்டுல நிறுத்திடறாங்க, இல்ல குடும்பமே செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ ரெண்டு மூணு மாசம் கிளம்பிடுது, கூட இதுவும் போகுது. திரும்பி வந்தா கிளாஸ் உயிர்மெய் முடிச்சு வாக்கியத்துக்குப் போயிருக்கும். போர்ஷன்ங்கறது நிக்காம போற பஸ் மாதிரி, விட்டவன் விட்டவன்தான். டீச்சருக்கு ஜூன்ல இந்தப் பாடம், ஜூலையில இந்தப் பாடம்னு மேலேருந்து வந்திருக்கு, ஆபீசர் வந்தா எத்தனை பாடம் முடிச்சீங்கன்னுதான் கேட்பார், எத்தனை புள்ளைக்குப் படிக்க வருதுன்னு கேட்கற ஆள் ரொம்பக் கம்மி. அதனால டீச்சர் முன் பெஞ்சுல இருக்கற ஏழெட்டு பேரை வச்சு பாடத்தை ஓட்டிட்டுப் போறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, ஈராசிரியர் பள்ளியில ஒருத்தர் ஒண்ணு ரெண்டு மூணு கிளாஸையும் ஒரே ரூம்ல வச்சு சமாளிக்கணும், அதுக்கு நடுவுல எமிஸ்ங்கற அரசு ஆன்லைன் பதிவேட்டுல பதிவேத்தணும், முட்டை எண்ணணும், இலவச பேக் எத்தனை வந்துச்சுன்னு கணக்கு கொடுக்கணும்.

ஒண்ணாம் கிளாஸ்ல தவறுன அந்தப் பொண்ணுக்கு மூணாம் கிளாஸ்ல அறிவியல் புக்கு வந்ததும் எல்லாப் பாடமும் போச்சு. எழுத்தே கூட்ட வரலைன்னா சூழ்நிலையியல் என்ன, குடிமையியல் என்ன? போர்டுல எழுதுனதை அழகா நோட்டுல வரைஞ்சுட்டு வரும், ஆமா வரையத்தான் செய்யும், படிக்கத் தெரியாது. கையெழுத்து நல்லாருக்கறதால வீட்டுலயும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

இங்க கென்யாவுல நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியே ஆகணும். 1990-கள்ல அந்த நாட்டோட மேற்குப் பகுதியில பாடப்புத்தகமே பத்தாத கிராம ஸ்கூல்கள்ல இலவசமா புத்தகம் கொடுத்துப் பார்த்தாங்க, பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் கிரெமரும் கூட இருந்தவங்களும். எல்லாரும் எதிர்பார்த்தது மார்க் ஏறும்னு. சராசரி ஏறவே இல்ல. ஏற்கனவே நல்லாப் படிச்ச பசங்களுக்கு மட்டும் ஏறுச்சு. காரணம், புக்கு இங்கிலீஷ்ல இருந்துச்சு, நிறைய பசங்களுக்கு அது மூணாவது மொழி, கைல புக்கு இருந்தும் படிக்க முடியல. புத்தகம் கொடுக்காதீங்கன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது, நம்ம ஊர் இலவசப் புத்தகத்தை யாராவது நிறுத்தச் சொன்னா நானே சண்டைக்குப் போவேன். பாடத்திட்டம் யாரை மனசுல வச்சு எழுதப்பட்டிருக்கோ அவங்களுக்குத்தான் அந்தப் பொருள் வேலை செய்யும், அதுதான் விஷயம்.

பெத்தவங்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுனா போதும்னு இன்னொரு கட்சி இருக்கு. அதையும் பார்த்தாச்சு. 2005, 2006 வாக்குல உத்தரப்பிரதேசத்துல ஜான்பூர் மாவட்டத்துல பிரதம் ஆட்கள் ஊர்க்கூட்டம் போட்டு, உங்க பசங்களுக்குப் படிக்க வரல பாருங்க, கல்விக் குழுன்னு ஒண்ணு சட்டப்படி உங்க ஊர்ல இருக்கு, போய்க் கேளுங்கன்னு சொன்னாங்க. சில ஊர்ல ஜனங்களே புள்ளைங்களை டெஸ்ட் பண்ணிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாங்க. ஒண்ணும் ஆகல, கூட்டம் கலைஞ்சதும் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. ஆனா அதே மாவட்டத்துல சில ஊர்கள்ல மட்டும் கூடுதலா ஒண்ணு செஞ்சாங்க, ஊர் இளைஞர்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து சாயந்தரம் படிப்பு வகுப்பு நடத்தச் சொன்னாங்க, சம்பளம் கிடையாது. அந்த வகுப்புக்கு வந்த பசங்க நல்லா முன்னேறுனாங்க, எழுத்தே தெரியாம வந்த புள்ளைங்க எழுத்தாவது படிக்கற நிலைக்கு வந்துட்டாங்க. சிக்கல் என்னன்னா வந்தவங்க ரொம்பக் கம்மி, பத்துல ஒரு புள்ளை கூட வரல. ஸ்கூல் முடிஞ்ச பிறகுதான் வகுப்புன்னா, யாருக்கு ரொம்பத் தேவையோ அந்தப் புள்ளை ஆடு ஓட்டிட்டுப் போயிருக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடியே, 2001-லேருந்து 2003 வரைக்கும் மும்பையிலயும் குஜராத்ல வடோதராவுலயும் ‘பால்சகி’ன்னு ஒரு திட்டத்தை பிரதம் நடத்துச்சு. அக்கம்பக்கத்துல பத்தாவது பன்னிரண்டாவது படிச்ச பொண்ணுங்களை எடுத்து, ரெண்டு வாரம் போலப் பயிற்சி கொடுத்து, மூணாம் நாலாம் கிளாஸ்ல பின்தங்குன 15, 20 பசங்களை தினமும் ரெண்டு மணி நேரம் தனியாக் கூட்டிட்டுப் போய் அடிப்படை மட்டும் சொல்லிக்கொடுக்கச் சொன்னாங்க. இடம் இல்லாத ஸ்கூல்ல வராண்டா. அந்தப் பொண்ணுங்களுக்கு மாசம் 500, 750 ரூபாதான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு இதை ஸ்கூல்களை ரெண்டாப் பிரிச்சு, மருந்து சோதனை பண்ற மாதிரி ஒப்பிட்டுப் பார்த்தாங்க, முன்னேற்றம் நல்லாவே தெரிஞ்சுச்சு. எனக்கு இதுல பிடிச்ச ஒரு சின்ன விஷயம், பின்தங்குன பசங்க வெளிய போனதால கிளாஸ்ல கூட்டம் கொறைஞ்சுதில்லையா, உள்ள மிச்சம் இருந்தவங்களுக்கு அதனால பெருசா ஒரு லாபமும் வரல. கிளாஸ்ல தலைகளைக் கொறைச்சா எல்லாம் சரியாயிடும்னு நாம நம்பறதுக்கு இது கொஞ்சம் இடிக்குது. இந்த ஆராய்ச்சி முறைக்காகத்தான் பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூணு பேருக்கும் 2019-ல பொருளாதார நோபல் வந்துச்சு.

வகுப்பு எப்படி நடக்கும்?

மூணு, நாலு, அஞ்சு கிளாஸ் பசங்களை எடுத்துக்கறாங்க. ஒவ்வொருத்தரையும் தனியா உட்கார வச்சு அந்த ஒத்தைத் தாள் டெஸ்ட். யார் எழுத்து லெவல், யார் சொல் லெவல், யார் வரி லெவல்னு பிரிச்சாச்சா, தினமும் ஒரு மணியோ ரெண்டு மணியோ கிளாஸைக் கலைச்சு அந்தந்த குரூப்பா உட்காருவாங்க, அஞ்சாம் கிளாஸ் பையனும் மூணாம் கிளாஸ் பொண்ணும் ஒரே வட்டத்துல இருப்பாங்க. அந்த நேரத்துல பாடப்புத்தகம் மூடி வச்சுடணும். மிச்ச நேரம் வழக்கம் போல அவங்கவங்க கிளாஸ். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அதே மாதிரி டெஸ்ட், மேல வந்தவங்க அடுத்த குரூப்புக்குப் போயிடுவாங்க.

எழுத்து குரூப்புல என்ன பண்ணுவாங்கன்னு நம்ம தமிழ் வச்சே சொல்றேன். அ ஆ இ ஈ வரிசையா பாட்டு மாதிரி ஒப்பிக்கற புள்ளைக்கிட்ட நடுவுல ஊ-வைக் காட்டி இது என்னன்னு கேட்டா முழிக்கும், மறுபடி அ-லேருந்து விரல் விட்டுட்டு வரும். அதனால ஒப்பிக்கறதை விட்டுட்டு சார்ட்டைத் தரையில விரிச்சு, ‘கா மேல கல்லைப் போடு, கீ மேல கல்லைப் போடு’ன்னு விளையாட்டு, பக்கத்துலயே சாக்பீஸால தரையில எழுதச் சொல்றது. க-வுக்கு வலது பக்கம் துணைக்கால் போட்டா கா, முன்னாடி கொம்பு போட்டா கெ, ரெண்டும் சேர்ந்தா கொ. இந்த லாஜிக் ஒரு எழுத்துல பிடிபட்டுச்சுன்னா மிச்ச வரிசையெல்லாம் தானா வர ஆரம்பிச்சுடும், 247-ஐயும் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. கூடவே தினமும் ஒரு கதையை டீச்சர் விரல் வச்சு சத்தமாப் படிச்சுக் காட்டணும், எழுத்து தெரியாத புள்ளைக்கும்தான். எழுத்து முடிச்சுட்டு சொல், சொல் முடிச்சுட்டு வாக்கியம்னு படிக்கட்டா போகாம பேசறது, கேட்கறது, படிக்கறது, எழுதறது எல்லாம் முதல் நாள்லேருந்தே ஒண்ணா போகும்.

கணக்குக்குத் தீக்குச்சியோ துடைப்பக்குச்சியோ போதும். பத்து பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு, மிச்சம் உதிரி. 42-ல 17 போகணும். கைல நாலு கட்டு, ரெண்டு உதிரி. ரெண்டு உதிரியிலேருந்து ஏழு எப்படி எடுப்ப? ஒரு கட்டைப் பிரி. இப்ப உதிரி 12, கட்டு மூணு. ஏழு எடுத்தா அஞ்சு, ஒரு கட்டு எடுத்தா ரெண்டு, 25. நாம ஸ்கூல்ல ‘பக்கத்து வீட்டுல கடன் வாங்கு’ன்னு சொல்லித்தான் படிச்சோம், பக்கத்து வீடு ஏன் ஒண்ணு கொடுத்தா பத்தாகுதுன்னு யாரும் சொன்னதில்ல, கட்டைப் பிரிக்கற புள்ளைக்கு அது கேள்வியாவே வராது.

இதுல ஒரு விதி முக்கியம். டெஸ்ட் ரிசல்ட்டை எல்லார் முன்னாடியும் வாசிக்கக் கூடாது, ‘நீ இன்னும் எழுத்துலதானா’ன்னு கேட்கவே கூடாது. அந்த டெஸ்ட் டீச்சருக்கு, நாளைக்கு யாருக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு.

இவ்வளவு சிம்பிளா இருக்கே, அரசாங்கமே எல்லா ஸ்கூல்லயும் பண்ணிடலாமேன்னு தோணும். அங்கதான் உண்மையான கதை இருக்கு. 2008-லேருந்து 2010 வரைக்கும் பீகார்லயும் உத்தரகாண்ட்லயும் முயற்சி பண்ணாங்க. பீகார்ல கோடை லீவுல ஒரு மாசம் அரசுப் பள்ளி வாத்தியார்களே கேம்ப் நடத்துனாங்க, பின்தங்குன பசங்களுக்கு மட்டும், நல்ல பலன். அதே வாத்தியார்களுக்குப் பயிற்சியும் கொடுத்து, கார்டு புக்கு எல்லாம் கொடுத்து, பள்ளிக்கூடம் நடக்கற நாள்ல நீங்களே பண்ணிக்குங்கன்னு விட்டா ஒரு பலனும் இல்ல. ஒரே முறை, ஒரே வகை ஆளுங்க! லீவுல போர்ஷன் கிடையாது, அதனால லெவல் பார்த்து சொல்லிக்கொடுத்தாங்க, ஜூலை வந்ததும் போர்ஷன் வந்துடுச்சு, கார்டெல்லாம் பீரோவுக்குள்ள போயிடுச்சு. உத்தரகாண்ட்ல இன்னும் மோசம், ஸ்கூலுக்குள்ள அனுப்புன வாலண்டியர்களையே வழக்கமான பாடம் எடுக்க வச்சுட்டாங்க, அதனால அங்கயும் ஒண்ணும் நடக்கல.

இதுலேருந்து கத்துக்கிட்டு 2012-13-ல ஹரியானாவுல வேற மாதிரி பண்ணாங்க. தினமும் ஒரு மணி நேரத்தை இதுக்குன்னே டைம்டேபிள்ல ஒதுக்கி, அந்த நேரத்துல சோதனைக்கு எடுத்துக்கிட்ட ஸ்கூல்கள்ல கிளாஸைக் கலைச்சு ஹிந்தி லெவல் குரூப்புன்னு அரசாங்கமே ஆர்டர் போட்டுச்சு. ரெண்டாவது விஷயம் எனக்கு இதை விட முக்கியமாப் படுது: ஸ்கூல் ஸ்கூலா போய்ப் பார்க்கற வட்டார மேற்பார்வையாளர்களை முதல்ல ரெண்டு மூணு வாரம் அவங்களே ஒரு ஸ்கூல்ல பசங்களை வச்சு சொல்லிக்கொடுக்க வச்சாங்க. அதுக்கப்புறம் அவங்க டீச்சர்கிட்ட வந்து பேசறப்ப ஆபீசர் மாதிரி ரிஜிஸ்டர் பார்க்காம, ‘இந்த கார்டு விளையாட்டை இப்படி மாத்திப் பாருங்க, எனக்கு அப்படித்தான் வந்துச்சு’ன்னு பேச முடிஞ்சுது. நம்ம பக்கத்துல பி.ஆர்.டி.இ. (வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்) விசிட் எப்படி நடக்கும்னு தெரிஞ்ச டீச்சர்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். ஹிந்தியில முன்னேற்றம் வந்துச்சு, ரொம்பப் பெருசு இல்ல, ஆனா அரசாங்க டீச்சர்களை வச்சே ஸ்கூல் நேரத்துலயே முடியும்னு காட்டியாச்சு.

எங்க சிஸ்டம் ரொம்ப வீக்கோ, அங்க கேம்ப் முறை. 2013-14-ல உத்தரப்பிரதேசத்துல பிரதம் ஆட்களே ஸ்கூலுக்குள்ள போய், பத்து நாள் இருபது நாள்னு தவணை தவணையா, மொத்தத்துல வருஷத்துக்கு 50 நாள் போல நடத்துனாங்க, தினமும் மொழிக்கு ஒண்ணரை மணி, கணக்குக்கு ஒண்ணரை மணி. வருஷக் கடைசியில பத்தியோ கதையோ படிக்கற பசங்க எண்ணிக்கை கேம்ப் நடக்காத ஸ்கூல்களை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா இருந்துச்சு. நாலஞ்சு வருஷம் ஸ்கூல்ல வராதது 50 நாள்ல வந்துச்சுன்னா, புள்ளைங்ககிட்ட குறை இல்லைன்னு இதுக்கு மேல யாருக்கு எப்படி நிரூபிக்கறது? ஆப்பிரிக்காவுல ஜாம்பியா அரசாங்கம் இதை ‘கேட்ச் அப்’னு பேர் வச்சு 2016-லேருந்து அவங்க ஸ்கூல்கள்ல நடத்திட்டு வருது.

நம்ம தமிழ்நாட்டுல?

நாம வேற ரூட்ல போனோம். 2000-கள்ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு 2007 வாக்குல மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், ஏபிஎல் கார்டு, ஏணிப்படி, தரையில பாய் விரிச்சு வட்டமா உட்கார்றது, சுவர்ல கீழ் உயரத்துல பசங்களுக்குன்னு கரும்பலகை. ஆந்திராவுல ரிஷிவேலி பக்கத்துக் கிராமப் பள்ளிகள்ல உருவான முறை அது, ஒவ்வொரு புள்ளையும் அதோட வேகத்துல ஏணியில ஏறும். யோசனையா பார்த்தா அற்புதம். ஆனா முப்பது புள்ளை முப்பது படியில நின்னா ஒரு டீச்சர் எல்லாரையும் பார்க்க முடியாது, சில ஸ்கூல்ல கார்டு நம்பர் டிக் பண்றதே வேலையாப் போச்சு. டார்ல்ல முப்பது புள்ளைக்கு மூணு நாலு குரூப்புதான், அந்த அளவுக்கு அது டீச்சருக்குக் கைக்கு அடங்கும்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்ல மூடுன ஸ்கூல் ஒண்ணாம் ரெண்டாம் கிளாஸ் பசங்களுக்கு 2021 நவம்பர்லதான் திறந்துச்சு. திறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அக்டோபர் கடைசியில, அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யை விழுப்புரம் மாவட்டத்துல ஆரம்பிச்சு வச்சுது. தெருவுல படிச்ச அக்காங்க, அண்ணனுங்க, பெரும்பாலும் அக்காங்கதான், சாயந்தரம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் வீட்டுத் திண்ணையிலயோ மொட்டை மாடியிலயோ சொல்லிக்கொடுத்தாங்க, மாசம் 1,000 ரூபாக்கு. கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் தன்னார்வலரா வந்தாங்க. இதை பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூணு பேரும் அளந்து பார்த்திருக்காங்க. கொரோனாவுக்கு முன்னாடியே, 2019-ல, தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல பசங்களை டெஸ்ட் பண்ணி வச்சிருந்ததால அவங்களால முன்னையும் பின்னையும் ஒப்பிட முடிஞ்சுது. இழப்பு பயங்கரம், கணக்குல ரொம்ப அதிகம். ஆனா ஸ்கூல் திறந்த ஆறு மாசத்துல அந்த இழப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு, அந்த மீட்சியில 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்கு சொல்லுது. வசதியில்லாத வீட்டுப் பசங்க வேகமா மீண்டிருக்காங்கங்கறதுதான் இதுல நல்ல சேதி. ஜான்பூர்ல ஊருக்குப் பத்துல ஒரு புள்ளை கூட வரல, இங்க தெருவுக்குத் தெரு மையம் இருந்ததால வந்துச்சுங்க, தூரம் அவ்வளவு முக்கியம்.

2022 ஜூன்ல ‘எண்ணும் எழுத்தும்’ங்கற அரசுத் திட்டம் வந்துச்சு, முதல்ல ஒண்ணுலேருந்து மூணு கிளாஸ், அப்புறம் நாலு அஞ்சுக்கும். அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை, ஸ்கூல் நேரத்துக்குள்ளயே. யோசனை சரியான யோசனை. டீச்சர்கள் புலம்பறது ஆன்லைன் மதிப்பீடு பத்தி, போன்ல ஒவ்வொரு புள்ளைக்கா பதிவேத்தறதுல சொல்லிக்கொடுக்கற நேரம் போகுதுன்னு. அந்தப் புலம்பல் நியாயமானதுன்னுதான் எனக்குத் தோணுது, டெஸ்ட் எதுக்குன்னா நாளைக்கு குரூப் மாத்த, சென்னையில ஒருத்தர் கிராஃப் பார்க்கறதுக்கு இல்ல. அதே வருஷம் செப்டம்பர்ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டத்தையும் இதோட சேர்த்துத்தான் பார்க்கணும், காலையில வெறும் வயித்தோட வர்ற புள்ளைக்குத் துணைக்கால் எது கொம்பு எதுன்னு எப்படி மண்டையில ஏறும்.

வழக்கமா வர்ற சந்தேகம் ரெண்டு. நல்லாப் படிக்கற பசங்க பாதிக்கப்பட மாட்டாங்களா? கென்யாவுல 121 ஸ்கூல்கள்ல ஒண்ணாம் கிளாஸ் பசங்களை வச்சு ஒரு சோதனை, பாதி ஸ்கூல்ல மார்க் பார்த்து ரெண்டு செக்‌ஷனாப் பிரிச்சாங்க, பாதி ஸ்கூல்ல கலந்து விட்டாங்க. பிரிச்ச ஸ்கூல்கள்ல மேல இருந்தவங்களும் முன்னேறுனாங்க, கீழ இருந்தவங்களும் முன்னேறுனாங்க, டீச்சருக்கு ஒரே மாதிரி பசங்க இருந்தா பாடத்தை அவங்களுக்கு ஏத்த மாதிரி நடத்த முடியுது.

ரெண்டாவது சந்தேகத்தை அவ்வளவு லேசா தாண்ட முடியாது. கீழ் குரூப்புல யார் இருப்பாங்க? நம்ம ஊர்ல பெரும்பாலும் காலனிப் பசங்க, இடம் பெயர்ந்து போற குடும்பத்துப் பசங்க, மலைக்கிராமத்துல தமிழே ரெண்டாவது மொழியா இருக்கற பசங்க. லெவல் குரூப்புன்னு ஆரம்பிச்சு அது ஜாதி குரூப்பா முடிஞ்சா அதை விடக் கேவலம் ஒண்ணும் இல்ல. அதனாலதான் நாள் முழுக்கப் பிரிக்காம ஒண்ணு ரெண்டு மணி நேரம் மட்டும்னு வச்சிருக்காங்க, மறு டெஸ்ட்ல புள்ளைங்க மேல போயே ஆகணும். ஒரு புள்ளை வருஷம் முழுக்க அதே குரூப்புல இருந்தா அந்தப் புள்ளையைக் குறை சொல்லாம, நாம என்ன சொல்லிக்கொடுக்கறோம்னு பார்க்கணும். சாயந்தர மையம் எந்தத் தெருவுல இருக்கு, அங்க எல்லாப் புள்ளையும் தயங்காம வந்து உட்காருமாங்கறதையும் மையம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்.

இது சர்வரோக நிவாரணியும் கிடையாது. படிக்கவும் நாலு கணக்கு போடவும் வைக்கும், அதுக்கு மேல அல்ஜீப்ராவுக்கும் அறிவியலுக்கும் வேற வேலை செய்யணும். ஆனா அந்த அடிப்படை இல்லாமலே பெரியவங்க ஆனவங்க எவ்வளவு பேர்னு பாருங்க, 2023-ல அசர் 28 கிராமப்புற மாவட்டங்கள்ல 14-லேருந்து 18 வயசுப் பசங்களை டெஸ்ட் பண்ணுச்சு, நாலுல ஒருத்தருக்குத் தன் மொழியில ரெண்டாம் கிளாஸ் கதை சரளமா வரல, வகுத்தல் கணக்கு பாதிப் பேருக்கு மேல வரல. இவங்கள்ல நிறைய பேர் அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடுவாங்க.

உங்க ஊர்ல, உங்க தெருவுல நீங்களே ஆரம்பிக்கணும்னா பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பத்துப் பதினஞ்சு புள்ளை, தினம் ஒரு மணி நேரம், ரெண்டு மாசம் விடாம. ஒரு தாள்ல பத்து எழுத்து, பத்து சொல், நாலு வரி, ஒரு குட்டிக் கதை எழுதிக்குங்க, வரிசை மாத்தி எழுதுங்க, ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. மூணு குரூப்புக்கு மேல பிரிக்காதீங்க, சமாளிக்க முடியாது. ஸ்கூல் ஹோம்வொர்க்கை அங்க செய்ய விடாதீங்க, விட்டீங்கன்னா ரெண்டே நாள்ல அது டியூஷனா மாறிடும், எழுத்து தெரியாத புள்ளை பக்கத்துல இருக்கறதோட நோட்டைப் பார்த்து வரைஞ்சுட்டு உட்கார்ந்திருக்கும். ஏழாவது எட்டாவது படிக்கற பையன் எழுத்து லெவல்ல இருந்தா அவனைச் சின்னப் பசங்களோட உட்கார வைக்காதீங்க, அடுத்த நாள் வர மாட்டான். அவனுக்குத் தனியா நேரம் கொடுத்து, அணில் முயல் கதையெல்லாம் விட்டுட்டு, டவுன் பஸ் போர்டு, கிரிக்கெட் ஸ்கோர், உரம் மூட்டையில இருக்கற எழுத்து, 100 நாள் வேலை அட்டையில அவங்க அம்மா பேரு, இப்படி அவன் தினமும் பார்த்தும் படிக்காம தாண்டிப் போறதுலேருந்து ஆரம்பிங்க.